ஐபி முகவரிக்குப் பின்னால் இருப்பவர் யார்? சட்டப்படியான ஒட்டுக்கேட்பில் பயனரை அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவருடைய இணையப் போக்குவரத்தை நகலெடுத்துத் தரும்படி நீதிமன்றமோ, சட்டம் அதிகாரம் கொடுத்த வேறு அமைப்போ உத்தரவிட்டால், அந்த ஆள் வலையமைப்பில் எங்கே இருக்கிறார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். உள்நுழைவு சர்வர்களையும் அவற்றின் லாக்குகளையும் (என்ன நடந்தது என்று கருவி எழுதி வைக்கும் பதிவுகள்) பல வருடங்கள் பராமரித்தவன் நான். நகலெடுப்பது பெரிய வேலை இல்லை. யாருடையதை நகலெடுக்கிறோம் என்று உறுதியாகச் சொல்வதில்தான் சிரமமெல்லாம் இருக்கிறது. அதில் பிழை வந்தால் சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக் கதவு தட்டப்படும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சட்டப்படியான ஒட்டுக்கேட்பு என்பது சரியாக என்ன?

குறிப்பிட்ட ஒருவரின் தொடர்பை, குறிப்பிட்ட காலத்துக்கு, எழுத்துபூர்வமான ஆணையின் பேரில் சேவை நிறுவனமே நகலெடுத்து அதிகாரிகளுக்கு அனுப்புவது. எல்லோருடைய போக்குவரத்தையும் மொத்தமாக அள்ளிவிட்டு அப்புறம் தேடுவது வேறு விஷயம்; அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

அமெரிக்காவில் 1994-ல் வந்த காலியா சட்டம், இந்த வசதியைத் தங்கள் கருவிகளில் வைத்திருக்கும்படி தொலைபேசி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. ஐரோப்பாவில் எட்சி என்ற தரநிர்ணய அமைப்பு இதற்கான இடைமுகங்களை வகுத்தது. அதில் மூன்று வழிகள் உண்டு. ஆணை வந்து சேரும் வழி ஒன்று. யார், எப்போது, யாரோடு இணைந்தார் என்ற விவரங்கள் போகும் வழி ஒன்று. பேச்சும் பாக்கெட்டுகளுமாகிய (தரவு துண்டு துண்டாகப் போகும் பொட்டலங்கள்) உள்ளடக்கம் போகும் வழி இன்னொன்று. பல ஆணைகள் உள்ளடக்கத்தைக் கேட்பதே இல்லை, விவரங்களை மட்டுமே கேட்கும்.

தொலைபேசியில் எண் இருந்தால் போதுமே. இணையத்தில் ஐபி முகவரி ஏன் போதாது?

பழைய தரைவழித் தொலைபேசியில் ஒரு எண் என்றால் ஒரு கம்பி, ஒரு வீடு. வருடக்கணக்கில் மாறாது. ஐபி முகவரி அப்படிப்பட்டதல்ல. இன்று காலை உங்களிடம் இருந்த முகவரி மாலையில் வேறொருவரிடம் இருக்கலாம். ஒரே நொடியில் அறுபது பேரிடம்கூட இருக்கலாம்.

வலையமைப்பு எந்த இடத்திலும் மனிதரைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பதெல்லாம் ஒட்டுகளை. இந்தக் கணக்கு இந்த லைனோடு ஒட்டியிருந்தது, இந்த லைன் இந்த முகவரியோடு ஒட்டியிருந்தது, இந்த முகவரியும் இந்த போர்ட்டும் (ஒரே முகவரியில் உள்ள இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) அந்த இணைப்போடு ஒட்டியிருந்தன. ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு தொடக்க நேரம், ஒரு முடிவு நேரம். ஒரு இணைப்பிலிருந்து ஒரு பெயருக்குப் போக இந்த ஒட்டுகளைச் சங்கிலியாகக் கோக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் மறுமுனையில் கிடைக்கும் பெயரை நம்ப முடியாது. சங்கிலியின் கடைசிக் கண்ணி, அதாவது சந்தாதாரருக்கும் அப்போது விசைப்பலகையின் முன் இருந்தவருக்கும் உள்ள தொடர்பு, வலையமைப்புக்கு வெளியே இருக்கிறது. அதை விசாரணைதான் நிறுவ வேண்டும்.

இந்த முகவரி எந்த வாடிக்கையாளருடையது என்று சேவை நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்?

பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் வலையமைப்பு என்றால், உள்நுழைவைச் சரிபார்த்துப் பதியும் ரேடியஸ் சர்வரிடம் கேட்கலாம். இணைப்பு தொடங்கும்போது ஒரு தொடக்கப் பதிவும் முடியும்போது ஒரு முடிவுப் பதிவும் அதில் விழும். பயனர் பெயர், கொடுக்கப்பட்ட முகவரி, எந்தக் கருவியின் எந்த போர்ட்டில் (இங்கே போர்ட் என்பது எண் அல்ல, கருவியில் இணைப்பு நுழையும் இடம்) வந்தார், எத்தனை பைட் போனது எல்லாம் அதில் இருக்கும்.

முகவரியைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபி முறை மட்டும் இருக்கும் இடத்தில் கடவுச்சொல்லே கிடையாது. முகவரி தவணைக்குக் கொடுக்கப்படுகிறது. அங்கே காப்பாற்றுவது ஆப்ஷன் 82 என்ற ஒரு சின்ன ஏற்பாடு. 2001-ல் தரமாக வெளியானது. வாடிக்கையாளரின் கோரிக்கை, பல கம்பிகள் வந்து சேரும் சுவிட்ச் என்ற கருவி வழியாகப் போகும்போது, இது எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பை அந்த சுவிட்சே ஒட்டி அனுப்பும். வாடிக்கையாளர் பக்கத்துக் கருவி என்ன பொய் சொன்னாலும், கம்பி எங்கிருந்து வருகிறது என்பதை மாற்ற முடியாது. அடையாளத்தைப் பொறுத்தவரை நான் அதிகம் நம்புவது இந்தக் குறிப்பைத்தான். ஆனால் கம்பியை வேறு போர்ட்டுக்கு மாற்றிச் செருகிவிட்டு ஏட்டில் எழுதாமல் போகும் பணியாளரால் இதுவும் பொய்யாகும்.

ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொண்டால் என்ன செய்வது?

இன்றைக்கு இந்தத் துறையில் பெரிய தலைவலி இதுதான். பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால், சேவை நிறுவனங்கள் ஒரு பொது முகவரியின் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைக்கின்றன. அவர்களுக்கு உள்ளே கொடுப்பதற்கென்றே 100.64.0.0 என்று தொடங்கும் தொகுதி 2012-ல் ஒதுக்கப்பட்டது. வெளியே போகும்போது எல்லோரும் ஒரே முகவரி. வேறுபடுத்துவது போர்ட் எண் மட்டும்.

ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள். முதல் 1,024-ஐ ஒதுக்கிவிட்டு, ஆளுக்கு 1,024 கொடுத்தால் 63 வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியில் உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது விசாரணை அதிகாரி "203.0.113.45 என்ற முகவரி, இந்தத் தேதி, இந்த நேரம், யார்?" என்று கேட்டால், நேர்மையான பதில் 63 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல்தான். "போர்ட் 41822" என்றும் சேர்த்துக் கேட்டால் ஒரே பெயர்.

போர்ட்டுகளை எப்படிப் பங்கிடுகிறோம் என்பதும் முக்கியம். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக போர்ட் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு லாக் வரி எழுத வேண்டும். ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே பத்துக்கணக்கில் இணைப்புகள் கிளம்பும். லாக் மலைபோல் குவியும். தொகுதி தொகுதியாகக் கொடுத்தால், தொகுதி கொடுத்தபோது ஒரு வரி, திரும்ப எடுத்தபோது ஒரு வரி போதும். இன்னும் ஒருபடி மேலே போய், உள் முகவரியிலிருந்து போர்ட் தொகுதியைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. அப்போது லாக் கிட்டத்தட்ட தேவையே இல்லை. கருவியின் அமைப்பு எந்தத் தேதியில் எப்படி இருந்தது என்று மட்டும் பத்திரப்படுத்தினால் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மறுமுனையில் உள்ள சர்வர் போர்ட்டைக் குறித்து வைக்கவில்லை என்றால், சேவை நிறுவனம் 63 பேரில் ஒருவரைப் பிரித்தெடுக்க ஒரே வழிதான் மிச்சம். ஒவ்வொரு வாடிக்கையாளரும் எந்தெந்த சர்வருக்குப் போனார் என்பதையும் எழுதி வைத்திருக்க வேண்டும். அதாவது யாரோ ஒரு சர்வர் நிர்வாகி ஒரு எண்ணைப் பதியாமல் விட்டதை ஈடுகட்ட, லட்சக்கணக்கானவர்களின் இணைய நடமாட்டத்தை முழுக்கப் பதிய வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் நியாயமாகப் பட்டதில்லை. 2011-ல் வந்த ஆர்எஃப்சி 6302 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், பொது இணையத்தில் இருக்கும் சர்வர்கள் மூல போர்ட்டையும் நொடி சுத்தமான நேரத்தையும் பதிய வேண்டும் என்று பரிந்துரைத்தது. வருடங்கள் பல ஆகியும், போர்ட் இல்லாத லாக்குகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இப்படிப் பகிரப்படும் முகவரிகளால் விசாரணைகள் முட்டி நிற்கின்றன என்று ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017-ல் வெளிப்படையாகவே முறையிட்டது.

நேரத்தைப் பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

எல்லா ஒட்டுகளும் நேரத்தோடு கட்டப்பட்டவை. நேரம் தவறினால் வேறொருவர் பெயர் வரும்; அதுவும் சந்தேகமே எழாதபடி சுத்தமாக வரும். பதில் கிடைக்காத தேடல் ஆபத்தில்லை. தவறான பதில் கிடைக்கும் தேடல்தான் ஆபத்து.

ஒருமுறை எங்களுக்கு வந்த கோரிக்கையில் நேரம் இருந்தது, நேர மண்டலம் இல்லை. உள்ளூர் நேரம் என்று எடுத்தால் ஒரு வாடிக்கையாளர். யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்தால் இன்னொருவர். இரண்டு பேருக்கும் பதிவுகள் சுத்தமாக இருந்தன. நாங்கள் பெயர் கொடுக்காமல் திருப்பிக் கேட்டோம். பதில் வர நான்கு நாளானது, அவசரம் என்று தொலைபேசியில் நெருக்கடியும் இருந்தது. முதலில் எங்களுக்குத் தோன்றிய பெயர் தவறு என்று அந்தப் பதிலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பிரிட்டனில் ஒட்டுக்கேட்பைக் கண்காணித்த ஆணையர் அலுவலகத்தின் ஆண்டறிக்கைகளிலேயே, ஐபி முகவரியையோ நேரத்தையோ தவறாக எழுதியதால் குற்றமற்றவர்கள் வீடுகள் சோதனையிடப்பட்ட, அவர்கள் கைதான சம்பவங்கள் பதிவாகியுள்ளன. தட்டச்சில் ஒரு இலக்கம் மாறியது, நேர மண்டலம் குழம்பியது போன்ற சாதாரணப் பிழைகள்தான் காரணம்.

ஆணையில் பயனர் பெயர் மட்டும் இருக்கிறது. நேரடி ஒட்டுக்கேட்பு எப்படித் தொடங்கும்?

ரூட்டருக்குப் பெயர் புரியாது, முகவரிதான் புரியும். எனவே நடுவில் ஒரு அமைப்பு காத்திருக்கும். அந்தப் பெயரில் ரேடியஸ் தொடக்கப் பதிவு வந்ததும், கொடுக்கப்பட்ட முகவரியை எடுத்து, "இந்த முகவரிக்கான பாக்கெட்டுகளை நகலெடு" என்று ரூட்டருக்குச் சொல்லும். முடிவுப் பதிவு வந்ததும் நிறுத்தச் சொல்லும்.

தொடக்கத்தில் தாமதமானால் முதல் சில பாக்கெட்டுகள் தவறும். அது பெரிய நஷ்டமில்லை. முடிவில் தாமதமானால்தான் விபரீதம். ரேடியஸ் பதிவுகள், போய்ச் சேர்ந்ததா என்று தானாக உறுதிசெய்யாத யுடிபி முறையில் போகின்றன, வழியில் தொலையலாம். முடிவுப் பதிவு தொலைந்து, அதே முகவரி அடுத்த வாடிக்கையாளருக்குப் போய்விட்டால், ஆணையில் இல்லாத ஒருவரின் போக்குவரத்து அதிகாரிகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். டிஹெச்சிபியில் இன்னும் மோசம், அங்கே விடைபெறுவது என்ற பழக்கமே பெரும்பாலும் இல்லை. மடிக்கணினியை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அந்த முகவரிக்கு வேறு எவர் பெயரில் தொடக்கப் பதிவு வந்தாலும் நகலெடுப்பை உடனே வெட்டும்படி அமைக்க வேண்டும். கிடைக்க வேண்டியது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பிறருடையது போகக் கூடாது என்ற பக்கம்தான் அமைப்பு சாய்ந்திருக்க வேண்டும்.

ஐபிவி6 வந்தால் சிக்கல் தீர்ந்துவிடுமா?

இந்தப் புதிய வகை முகவரியால் பகிர்வுச் சிக்கல் பெருமளவு தீரும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி முன்னொட்டு, அதாவது முகவரியின் முன்பகுதி, கிடைக்கும். தனியுரிமைக்காகச் சாதனங்கள் முகவரியின் பின்பாதியை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். ஒரே மடிக்கணினி ஒரே நேரத்தில் நான்கைந்து முகவரிகள் வைத்திருப்பது சகஜம். ஆனால் முன்பாதி வாடிக்கையாளரைத்தான் காட்டும். ஆகவே ஒட்டுக்கேட்பை ஒரு முழு முகவரிக்கு அமைப்பது வீண். முன்னொட்டுக்கு அமைக்க வேண்டும். ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் இருக்கும் வீட்டில் ஒன்றுக்கு மட்டும் அமைத்துவிட்டு மற்றதை மறப்பதும் நடக்கிறது.

மேக் முகவரி நிரந்தரமானது, அதை வைத்துப் பிடிக்கலாமே?

மேக் முகவரி என்பது சாதனத்தின் வலையமைப்பு அட்டைக்கு உரிய எண். அதை வைத்துப் பிடிக்க முன்பு ஓரளவு முடிந்தது. இப்போது முடியாது. மேக் முகவரி முதல் ரூட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை என்பது ஒன்று. அடுத்தது, ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் கைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை முகவரியைத் தாமாகவே உருவாக்கிக்கொள்கின்றன.

மொபைல் வலையமைப்பில்?

அடையாளம் இங்கே உறுதியாக இருக்கும். சிம்முக்குள் சந்தாதாரர் எண்ணும் ரகசியச் சாவியும் இருக்கின்றன. கைபேசிக்கு 15 இலக்க ஐஎம்இஐ என்ற சாதன எண் தனியாக உண்டு. சிம்மை மாற்றினால் ஐஎம்இஐ தொடரும், கைபேசியை மாற்றினால் சிம் தொடரும். ஆணையில் எது எழுதப்பட்டிருக்கிறதோ அதைத்தான் பின்தொடர முடியும்.

ஐந்தாம் தலைமுறையில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. சந்தாதாரர் எண்ணைக் காற்றில் மறைகுறியாக்கித்தான் கைபேசி அனுப்பும். போலி கோபுரம் வைத்து எண்ணைத் திருடுபவர்களுக்கு எதிரான பாதுகாப்பு அது. அப்படியானால் வெளிநாட்டில் சுற்றும் ஒருவரை அங்குள்ள நிறுவனம் எப்படி அறியும்? உண்மையான எண்ணை அவருடைய தாய் நிறுவனம் சொல்லும். அது பொய் சொன்னால்? இணைப்புக்கான சாவிகளை உருவாக்கும் கணக்கிலேயே அந்த எண் ஓர் உள்ளீடு. பொய்யான எண்ணைக் கொடுத்தால் கைபேசி பக்கத்துச் சாவியும் வலையமைப்பு பக்கத்துச் சாவியும் பொருந்தாது, இணைப்பு நிற்காது. தனியுரிமையையும் சட்டத் தேவையையும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளாமல் சேர்த்து வைக்க முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது.

ஒரு வீட்டுக்குள் நான்கு பேர், பத்துச் சாதனங்கள். எந்தச் சாதனம் என்று சொல்ல முடியுமா?

சேவை நிறுவனத்தின் பதிவுகளிலிருந்து முடியாது. வீட்டு ரூட்டருக்கு அப்பால் அது பார்ப்பதில்லை. ஆய்வாளர்கள் வேறு வழிகளைத் தேடியிருக்கிறார்கள். 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒவ்வொரு கணினியின் கடிகாரமும் தனக்கே உரிய வேகத்தில் மிகச் சிறிதளவு விலகி ஓடுகிறது, பாக்கெட்டுகளில் உள்ள டிசிபி நேர முத்திரைகளிலிருந்து அந்த விலகலை அளக்க முடியும் என்று காட்டியது. ஒரே முகவரியின் பின்னால் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று எண்ணவும், முகவரி மாறிய கணினியை மறுபடி கண்டுகொள்ளவும் இது உதவலாம். ஆனால் இயங்குதளங்கள் அந்த முத்திரைகளைக் குலைக்கத் தொடங்கிவிட்டன. என் கருத்தில் இது துப்பு, அத்தாட்சி ஆகாது. இதை மட்டும் வைத்து ஒரு பெயரை எழுதக் கூடாது.

பொது வைஃபை?

கடவுச்சொல் சுவரில் ஒட்டியிருக்கும் வைஃபையில் அடையாளம் என்று ஒன்றுமில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான எடுரோம் வேறு மாதிரி. வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் இணைந்தால், உள்நுழைவுச் சரிபார்ப்பு உங்கள் சொந்த நிறுவனத்தில் நடக்கும். வெளியே தெரியும் பெயர் "அனானிமஸ்" என்றே இருக்கலாம். நேரத்தையும் முகவரியையும் அறிந்தவர் ஒருவர், பெயரை அறிந்தவர் இன்னொருவர். இரண்டு பதிவுகளையும் சேர்த்தால்தான் ஆள் தெரியும்.

விபிஎன், டோர், மறைகுறியாக்கம் இருந்தால்?

சேவை நிறுவனம் நகலெடுத்துக் கொடுப்பது மூடிய உறைகளை. விபிஎன் பயன்படுத்துபவர் விபிஎன் சர்வருக்குப் போகிறார் என்று மட்டும் தெரியும். மறுமுனையிலிருந்து தேடி வந்தால் விபிஎன் நிறுவனத்தின் முகவரியில் வந்து நிற்கும். அவர்களிடம் பதிவு இருந்தால் மேலே போகலாம். ஆளை மறைக்கும் டோர் வலையமைப்பில் மூன்று தாவல்கள் (இடையில் கடத்திவிடும் சர்வர்கள்) இருக்கும், எந்த ஒரு தாவலுக்கும் இரண்டு முனைகளும் சேர்ந்து தெரியாது. கடைசித் தாவலின் முகவரியை வைத்திருப்பவர் அந்தச் செயலைச் செய்தவர் அல்லர், சேவையை நடத்துபவர். இதைத் தெரியாமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் உண்டு.

ஐபி முகவரியைப் போட்டால் வரைபடத்தில் இடம் காட்டும் தளங்கள் இருக்கின்றனவே?

விளம்பரத்துக்கு அவை போதும், விசாரணைக்கு உதவாது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு. "நாடு தெரியும், ஊர் தெரியாது" என்ற நிலையில், இடம் காட்டும் தரவுத்தளம் ஒன்று நாட்டின் நடுவே உத்தேசமாக ஒரு புள்ளியைக் குறித்து வைத்தது. அந்தப் புள்ளி அந்தப் பண்ணையில் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த வீட்டைக் காட்டின. திருட்டுப்போன கைபேசியைத் தேடியவர்களும், மோசடியில் ஏமாந்தவர்களும், காவல் துறையினரும் வருடக்கணக்கில் அங்கே போய் நின்றார்கள். 2016-ல் பத்திரிகைச் செய்தியாக வந்த பிறகுதான் அந்தப் புள்ளி ஓர் ஏரிக்குள் நகர்த்தப்பட்டது.

சந்தாதாரர் பெயரை மட்டும் கேட்டாலும் ஆணை வேண்டுமா?

நாட்டுக்கு நாடு மாறும். போக்கு எந்தப் பக்கம் என்பது தெளிவு. மாறும் ஐபி முகவரியும் தனிநபர் தகவலாகலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016-ல் சொன்னது. நீதிமன்ற ஆணை இல்லாமல் அப்படிப்பட்ட முகவரிக்குரியவரின் பெயரைக் காவல் துறை வாங்கியது தனிவாழ்வுரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஸ்லோவேனியா வழக்கில் 2018-ல் தீர்ப்பளித்தது. 2024-ல் கனடா உச்ச நீதிமன்றம் ஐபி முகவரிக்கே தனியுரிமைப் பாதுகாப்பு உண்டு என்றது.

இப்படி ஒரு வசதியைக் கட்டி வைப்பதே ஆபத்தில்லையா?

ஆபத்துதான். இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப், 2000-ல் வெளியிட்ட ஆர்எஃப்சி 2804-ல், ஒட்டுக்கேட்புக்கான தேவைகளைத் தங்கள் தரங்களில் சேர்க்கப் போவதில்லை என்று அறிவித்தது. அமைப்பு சிக்கலாகும், பாதுகாப்பு குறையும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

அடுத்த சில வருடங்களிலேயே கிரேக்கத்தில் அந்த ஆபத்து நிஜமானது. 2004-05-ல், வோடஃபோனின் எரிக்சன் தொலைபேசி சுவிட்சுகளில் யாரோ ரகசிய மென்பொருளை நுழைத்து, அவற்றுக்குள் ஏற்கெனவே இருந்த ஒட்டுக்கேட்பு வசதியை எழுப்பி, பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் கைபேசிகளைக் கேட்டார்கள். அந்த வசதியை நடத்தும் மேலாண்மை மென்பொருளை நிறுவனம் வாங்கியிருக்கவே இல்லை என்பதால் கண்காணிக்கவும் ஆள் இல்லை. 2024-ல் சால்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட ஊடுருவலில், அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிலிருந்து, நீதிமன்ற ஆணைப்படி கேட்கப்பட்ட தகவல்களும் நகலெடுக்கப்பட்டதாக அந்நாட்டு அரசே உறுதிசெய்தது.

ஆகவே யார் இலக்கு என்ற பட்டியல்தான் அந்த நிறுவனத்திலேயே மிகவும் காக்கப்பட வேண்டிய கோப்பு. ஆணையைப் பதிபவரும் சரிபார்ப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு செயலும் அழிக்க முடியாத பதிவில் விழ வேண்டும். காலாவதியான ஆணை தானாகவே நிற்க வேண்டும்.

கோரிக்கை வந்தால் நான் என்னென்ன பார்க்க வேண்டும்?

முழு முகவரி, மூல போர்ட், டிசிபியா யுடிபியா, நொடி வரை நேரம், நேர மண்டலம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் திருப்பிக் கேளுங்கள். முடிந்தால் ஒரே நபரின் இரண்டு மூன்று வேறு வேறு நேரத்து இணைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். எல்லாம் ஒரே வாடிக்கையாளரிடம் வந்து சேர்ந்தால் நம்பிக்கை கூடும், சேராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. கோரிக்கையில் உள்ள எண்களைக் கையால் மறுபடி தட்டச்சு செய்யாதீர்கள், வெட்டி ஒட்டுங்கள். உங்கள் கருவிகளின் கடிகாரம் அன்றைக்குச் சரியாக இருந்ததா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பதிவுகள் பொருந்தவே இல்லை என்றால்?

"அடையாளம் காண இயலவில்லை" என்று எழுதி, எந்த விவரம் இல்லாததால் இயலவில்லை என்பதையும் கீழே எழுதி அனுப்புங்கள். மூன்று பேருக்குப் பொருந்தினால் மூன்று பேருக்குப் பொருந்துகிறது என்றே எழுதுங்கள். அதிகம் சாத்தியமுள்ளவர் என்று ஒருவரை நீங்களே தேர்ந்தெடுத்து அனுப்பாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படிப்பவருக்கு அது ஊகம் என்று தெரியாது.